பதினொரு மணிப் படகுக்கு ஒரு வாழ்த்து மடல்

மதிப்புக்குரிய எழுத்தாளர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் புதிய மர்ம நாவலை வாசித்து முடித்தேன். இப்படி ஒரு நாவலைத் தங்களைத் தவிர வேறு எவரும் எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் எந்தப் பதிப்பகமும் அச்சுக்கு எடுத்திருக்காது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களைக் கௌரவிப்பதென்றால் பொன்னாடை போர்த்தி, வாழ்த்து மடல் வாசித்து, அதைச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்போம். தங்களுக்குப் போர்த்த நினைத்த பொன்னாடையைத் தபாலில் போர்த்த வழியில்லை. ஆகவே மடல் மட்டும். இதில் தங்கள் பெயரோ நாவலின் பெயரோ இருக்காது. 320 பக்க நாவலில் கொலையாளியை 303ஆம் பக்கம் வரை வாசகர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தவரை நானும் ஒரு மடல் முழுக்க மறைத்து வைப்பதுதானே மரியாதை!

எங்கள் ஊரான மடத்துவெளி எங்கே இருக்கிறதென்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கள் கொலையாளியே எங்கள் ஊர்க்காரர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் வந்தால் எங்கள் ஊர் வரும். தொடர்ந்து மேற்கே போனால் குறிகாட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கேயிருந்துதான் படகு. மு. தளையசிங்கத்தின் தீவு, சு. வில்வரத்தினத்தின் தீவு. கனமான எழுத்தை வாசித்துப் பழகிய இடம். அதே ஆட்கள்தான் தலையணைக்குக் கீழே மர்ம நாவலும் வைத்திருந்தார்கள்.

தங்களுக்கு முந்தியவர்கள் எங்களைப் படாதபாடு படுத்தியவர்கள். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் 'இராஜாம்பா'ளை எழுதித் துப்பறியும் கோவிந்தனை அலையவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தடித்தடிப் புத்தகங்களாக எழுதி எங்கள் பாட்டன்மாரின் நித்திரையைக் கெடுத்தார். பிறகு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன் வந்தார், சங்கர்லாலைக் கூட்டிக்கொண்டு. 1968இல் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தபோது சுஜாதாவின் கணேஷ் அறிமுகமானார். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் எங்கள் எழுத்தாளர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த காலம் அதுதான். அப்போதும் பழைய மர்ம நாவல்கள் அட்டை கழன்று, நூலால் தைத்து, கை மாறிக்கொண்டே இருந்தன. இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. வாசகனுக்கும் மூளை இருக்கிறதென்று நம்பி, அதற்கு வேலை வைத்தார்கள். அந்தச் சிரமத்தில் இருந்து எங்களை விடுவித்தவர் தாங்கள்.

தாங்களும் ஒருகாலத்தில் அதே குறை உள்ளவராகத்தான் இருந்தீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவை விட்டு வெளிக்கிட்டு யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தோம். மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் தங்கள் பழைய நாவல் ஒன்றை வாசித்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் தாள்கள் இல்லை. யாரோ கிழித்தோ, எலி அரித்தோ போய்விட்டன.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த விசாரணையைப் போல எந்த நீதிமன்றத்திலும் நடந்திருக்காது. மருமகன் என்றார் ஒருவர். டாக்டர் என்றார் இன்னொருவர். அடுப்படியில் இருந்த மாமி எட்டிப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை தபாலிலை கடிதம் வந்தது எண்டு சொன்னவன் ஆர்? ஞாயிற்றுக்கிழமை எந்தத் தபால்காரன் வாறவன்? அவன்தான் கொலைகாரன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தோம். நாற்பதாம் பக்கமளவில், மழையைப் பற்றியும் தேத்தண்ணியைப் பற்றியும் பேசுகிற ஒரு பந்தியின் நடுவில், அந்த ஒரு வசனம் ஒன்றுமறியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. கனகாலம் கழித்துக் கொழும்பில் இருந்து முழுப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. மாமி சொன்ன ஆள்தான்.

கடைசித் தாள் இல்லாமலே கொலையாளியைப் பிடிக்க விட்டீர்களே, அது எவ்வளவு பெரிய கவனக்குறைவு! இப்போது அதைத் திருத்திக்கொண்டீர்கள். புதிய நாவலில் கடைசித் தாள் பத்திரமாக இருக்கிறது. அதை மூன்று தரம் வாசித்தாலும் கொலையாளி ஏன் கொலையாளி என்று ஒருவருக்கும் விளங்காது.

இனி நாவலின் சிறப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, துப்புகளின் செழிப்பு. இறந்தவரின் இடது சப்பாத்தில் மட்டும் சிவப்பு மண். மேசையில் பாதி எரிந்த பஸ் ரிக்கற். சுவரில் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிய கல்யாணப் படம். நின்றுபோன கடிகாரம் வேறு. நான் ஒரு கொப்பி எடுத்து, ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டே வாசித்தேன். நாவல் முடிந்தது. கடைசிவரை அந்தச் சிவப்பு மண்ணை ஒருவரும் தொடவில்லை. படத்தை யாரும் நேராகத் திருப்பி மாட்டவுமில்லை. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்த ஒளவை, பீலி சூட்டி நெய் பூசி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய் என்று வியந்தாராம். தங்கள் துப்புகளைப் பார்த்திருந்தால் அவர் அந்தப் பாட்டைத் தொண்டைமானிடம் தூது போகும்வரை தள்ளிப் போட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது, எங்கள் தீவுகளுக்குத் தாங்கள் செய்த அபிவிருத்தி. நெடுந்தீவில் ஒரு மலை முளைத்திருக்கிறது. இரண்டாவது கொலை அதன் உச்சியில்தான். இங்கே உயரமென்றால் எங்களுக்குப் பனை தெரியும், கோயில் கோபுரம் தெரியும். மலை இதுதான் முதல் தரம். புங்குடுதீவில் ஓர் ஆறு சலசலத்து ஓடுகிறது. கதாநாயகி அதில் கால் நனைத்து அழுகிறார். கோடை வந்தால் கிணறு உவர்த்துப் போய், நல்ல தண்ணீருக்குப் பவுசர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சனம் நாங்கள். எத்தனையோ அரசாங்கங்கள் தராத ஆற்றை ஒரே பந்தியில் தந்துவிட்டீர்கள். அடுத்த பதிப்பில் தயவுசெய்து அதை வற்றவிட வேண்டாம் என்று ஊர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடல். நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி, அது அக்கரை சேரும்வரை காற்று வாங்கிக்கொண்டு நிற்போம். தங்கள் துப்பறிவாளர் காரை எண்பதில் விட்டுக்கொண்டு நேராகவே போய்விட்டார். கடலுக்கு நடுவில் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டையை அவர் வீதியோரத்தில் கண்டாராம். அந்த வேகத்தில் போனால் எல்லாம் வீதியோரமாகத்தான் தெரியும்.

உள்ளதைத் தொடாமல் இல்லாததை மட்டும் எழுதுகிற கட்டுப்பாடு எல்லோருக்கும் வாய்க்காது. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகள் இருக்கின்றன. ஓர் ஆள் உள்ளே போய் ஒளியக்கூடிய பெருக்கு மரம் இருக்கிறது. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. அந்நியர் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. புங்குடுதீவிலோ, சொந்தக்காரர் சுவிசிலும் கனடாவிலும் இருக்க, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஒரு மர்ம நாவலுக்கு வேண்டிய அத்தனையும் காசு கேட்காமல் காத்து நிற்கின்றன. ஒன்றையும் தாங்கள் கையால் தொடவில்லை. எங்கள் சொத்து எங்களுக்கே இருக்கட்டும் என்ற பெருந்தன்மைக்கு நன்றி. தங்கள் பாத்திரங்களின் பேச்சும் அப்படியே. "வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று தொடங்குகிற கடற்றொழிலாளி, மூன்றாவது வசனத்தில் மயிலாப்பூருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்.

மூன்றாவது சிறப்புத்தான் இந்த மடலை எழுத வைத்தது. 58ஆம் பக்கத்தில், சந்தேகத்துக்குரிய ஆளைத் துப்பறிவாளர் விசாரிக்கிறார். கொலை நடந்த இரவு எங்கே இருந்தாய் என்கிறார். "நயினாதீவிலே இருந்தேன். இரவு பதினொரு மணிப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்தேன்" என்கிறான் அவன். துப்பறிவாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.

வாசித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன், ஐயா. சந்தோஷச் சிரிப்பு. பொழுது பட்டால் பயணிகள் படகு ஓய்ந்துவிடும். இது இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நாகபூஷணி அம்மன் திருவிழா நேரமென்றாலாவது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அது ஆனியில். தங்கள் கதை நடப்பதோ வாடைக் காற்று வீசுகிற மார்கழியில். ஆகவே அவன் சொல்வது பச்சைப் பொய். பழைய ஞாயிற்றுக்கிழமைத் தபால்! எங்கோ சென்னையில் இருந்துகொண்டு, தீவுக்காரனுக்கு மட்டும் விளங்கும்படி ஒரு துப்பை வைத்திருக்கிறாரே, முப்பது வருஷத்துக்குப் பிறகும் கை தளரவில்லையே என்று பூரித்துப் போனேன். மலையையும் ஆற்றையும்கூட அந்த நிமிஷமே மன்னித்தேன். அவையும் ஏதோ ஒரு தந்திரமாகத்தான் இருக்கும், கடைசியில் கதை சொல்கிறவனே பொய்யன் என்று தெரியவரும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

குறிகாட்டுவானில் படகு ஓட்டுகிற தம்பி ஒருவரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், இரவு பதினொண்டுக்கு ஆர் படகு விட்டது? அவன் நீந்தித்தான் வந்திருக்கவேணும். உடுப்பு நனைஞ்சிருந்ததோ எண்டு பொலிசைப் பாக்கச் சொல்லுங்கோ."

நாவல் முழுக்க நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் அவன் குற்றமற்றவன். பதினொரு மணிப் படகு உண்மையாம். இறங்குதுறையில் அவனைக் கண்ட சாட்சியும் இருக்கிறதாம். அவன் அந்தப் படகில் வந்தானென்று தாங்கள் நம்பியிருக்கிறீர்கள். நானோ அவன் வரவில்லையென்று தாங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று நம்பினேன். எழுதியவருக்குத் தெரியாததை வாசித்தவன் மேதைமை என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டான். இப்படி ஓர் ஏமாற்றை வேறு எந்த மர்ம எழுத்தாளராவது செய்து காட்டட்டும்! அவர்கள் எல்லாம் துப்பைக் கொண்டு ஏமாற்றுகிறவர்கள். தாங்கள் துப்பே இல்லாமல் ஏமாற்றியவர்.

நான்காவது சிறப்பு, கொலையாளி. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் இந்தக் கலைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதலாவது. முன்கூட்டியே வாசகரைத் தயார்ப்படுத்தாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பது பத்தாவது. தாங்கள் 303ஆம் பக்கத்தில், அதுவரை பேச்சு மூச்சே இல்லாத ஓர் இரட்டைச் சகோதரனை மடத்துவெளியில் இருந்து இறக்கினீர்கள். ஒரே ஆளைக் கொண்டு முதல் விதியும் முடிவு விதியும் உடைந்தன. இதில் இருக்கிற சிக்கனத்தைப் பாருங்கள்.

அதற்கடுத்த வருஷம் லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். செஸ்டர்ட்டன் தலைவர். அகதா கிறிஸ்டியும் அதில் இருந்தார். சேருகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். என் துப்பறிவாளர் மூளையால்தான் துப்பறிவார், தெய்வ வாக்கையும் தற்செயலையும் நம்பமாட்டார், முக்கியமான துப்பை வாசகருக்கு மறைக்கமாட்டேன் என்று. தங்கள் நாவலில் நாகபூஷணி அம்மனே துப்பறிவாளரின் கனவில் தோன்றி, "ஒன்றல்ல, இரண்டு" என்று அருள்வாக்குச் சொல்கிறாள். அம்பாளே வந்து சாட்சி சொன்ன பிறகு சிவப்பு மண் எதற்கு, சப்பாத்து எதற்கு? அந்தச் சங்கத்தில் தங்களைச் சேர்க்க மாட்டார்கள். அம்மன் கோயில் திருப்பணிச் சபையில் சேர்க்கலாம்.

அகதா கிறிஸ்டி 1926இல் ரோஜர் அக்ராய்டு கொலையைப் பற்றி எழுதிய நாவலின் முடிவைக் கண்டு, இது முறையல்ல என்று சண்டைக்குப் போன வாசகர்கள் உண்டு. அதில் கொலையாளி யாரென்று இங்கே சொல்ல மாட்டேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அது சொல்லக் கூடாத விஷயமாகவே இருக்கிறது. முடிவை அறிந்துகொண்டு திரும்ப முதலில் இருந்து வாசித்தால், எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை என்று வெட்கமாக இருக்கும். தங்கள் நாவலையும் நான் திரும்ப முதலில் இருந்து வாசித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. தங்கள் கொலையாளியின் பெயரை நான் தாராளமாகச் சொல்லலாம், யாருடைய சுவையும் கெடாது. ஆனால் இரட்டையரை வேறுபடுத்த அச்சுக்கோத்தவருக்கே முடியவில்லை போலிருக்கிறது. 311ஆம் பக்கத்தில் கைதாகிறவர் 315இல் போய்க் கைது செய்கிறார்.

எங்கள் ஊருக்கு ஒரு கொலையாளியைத் தந்ததைப் பற்றி யாருக்கும் கோபம் இல்லை. பெருமைதான். ரொறன்ரோவில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் ஆட்கள் தொலைபேசி எடுத்து, "மடத்துவெளியிலை அந்த இரட்டையள் ஆற்றை பிள்ளையள்?" என்று கேட்கிறார்கள். பால்ய வயதில் பாலசுப்பிரமணியர் கோயில் வீதியில் கூட விளையாடிய எல்லோரையும் நினைத்துப் பார்க்கிறார்களாம். வாசகரைத் தேடவைப்பதுதானே மர்ம நாவலின் வேலை. அதில் வெற்றி பெற்றுவிட்டீர்கள். என்ன, புத்தகத்துக்குள்ளே தேடி ஒன்றும் அகப்படாததால் வெளியே தேடுகிறார்கள்.

1893இல் கொனன் டொயில் தம்முடைய ஷேர்லக் ஹோம்ஸை ஓர் அருவியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். சஞ்சிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து அவர் ஹோம்ஸை உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தாங்கள் அந்த அவசரக்காரர் அல்லர். தங்கள் துப்பறிவாளரைக் கொல்லவில்லை. ஆள் அப்படியே இருக்கிறார், அதே மீசை, அதே வெற்றிலைப் பெட்டி. மூளையை மட்டும் அருவியில் போட்டிருக்கிறீர்கள். ஆள் செத்தால்தானே வாசகர் கூட்டம் கூடிக் கேட்கும்? இப்படிச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த சிலரும் பழகின பாசத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பாசம் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிற துணிச்சலும் தங்களுக்கு இருக்கிறது.

இந்திய விலையைப் பல மடங்காக்கித்தான் இங்கே தங்கள் புத்தகத்தை வாங்குகிறோம். வாங்காமல் விடப் போவதில்லை. அடுத்ததையும் வாங்குவேன். அதில் ஒரு பொய்ச்சாட்சி எங்காவது வாய் தவறினால், அது அவனுடைய தவறா தங்களுடைய தவறா என்று முதலில் நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவேன். வாசகனை இவ்வளவு பெரிய துப்பறிவாளனாக்கிய எழுத்தாளர் தமிழில் வேறு யார்?

ஒருமுறை தாங்கள் எங்கள் ஊருக்கு வர வேண்டும் ஐயா. மலை, ஆறு எல்லாவற்றையும் தாங்களே கூட்டிக்கொண்டு போய் எங்களுக்குக் காட்டலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குறிகாட்டுவானுக்குக் கூட்டிப் போய், நயினாதீவுக்குப் போகிற பதினொரு மணிப் படகில் ஏற்றிவிடுகிறோம். படகு வரக் கொஞ்சம் சுணங்கும். இருந்து வாசிக்க, தங்கள் பழைய நாவல் ஒன்றை, கடைசித் தாள் கிழிந்ததாகப் பார்த்துக் கையில் தருகிறேன். விடியுமுன் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
மடத்துவெளி, புங்குடுதீவு.